குடும்பப் பெயர்

அத்தியாயம் பதினான்கு

நவம்பரில் அனுப்பிய இரண்டு விண்ணப்பங்களுக்கும் பதில் வராமலே தைப்பொங்கல் கழிந்தது. கணவன் நடராஜாவும் மனைவி சந்திரகாந்தாவும், ஒருவர் அறியாமல் மற்றவர், உக்குவளையிலுள்ள இத்ரூஸின் தொலைத்தொடர்புக் கடைக்கு முன்னால் தயங்கி நின்று, “ஏதும் வந்ததா?” என்று கேட்டு வந்தார்கள். சென்ற கிழமை அவர்களை அந்தக் கடை வாசலில்தான் விட்டிருந்தோம்.

பதில் வந்தது 2008ஆம் ஆண்டு மாசி மாதத்து முழுமதிப் போயா விடுமுறையன்று, காலை எட்டரை மணிக்கு.

எல்கடுவை வீதியிலுள்ள அந்த வீட்டில் ஒரே ஒரு கைபேசிதான் உண்டு. அது நடராஜாவுக்கு உரியது. அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தபடியால் தாய் கிருஷ்ணம்மா எடுத்து, முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் மகனிடம் நீட்டினாள்.

“சேர், யூனிவர்சிட்டில இருந்து மெயில் வந்தீக்கி,” என்றார் இத்ரூஸ். “‘டியர் நடராஜா’ன்னு போட்டு, இடம் கெடச்சிட்டதா எழுதி ஈக்கி. உள்ளுக்குக் கடிதம் ஒன்னும் ஈக்கி. லைன் ஸ்லோ, இன்னும் தொறக்குதில்ல. இன்டைக்கே பதில் குடுக்கணுமாம்.”

நடராஜா பாதி மழித்த முகத்தோடு சிரித்தான். கிருஷ்ணம்மா அதற்குள் வேலிக்கு அருகே போய், பக்கத்து வீட்டுச் சுந்தரம்மாவிடம் தன் மகன் இங்கிலாந்துக்குப் போகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன படிப்பு என்று சுந்தரம்மா கேட்டது அடுக்களைவரை கேட்டது.

“சொட்டுப் படிப்பாம்,” என்றாள் கிருஷ்ணம்மா. “சொட்டுச் சொட்டா என்னத்தப் படிக்கிறதுன்னு எனக்கு வெளங்கல்ல. ஆனா பெரிய படிப்பு.”

குவாண்டம் என்னும் சொல்லை நம் பாடநூல்கள் ‘சொட்டு’ என்றே எழுதிவந்தன. அந்தப் பல்கலைக்கழகம் கற்பிக்கவிருந்தது சொட்டுக் கணினியியலில் முதுமாணிப் பட்டம். சாதாரணக் கணினி ஒவ்வொரு தகவல் துணுக்கையும் ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ வைத்திருக்கும். இந்தக் கணினி இரண்டும் கலந்த நிலையில் வைத்திருக்கும். ஆனால், இடையில் எவரேனும் எட்டிப் பார்த்தால் அந்த நிலை கெட்டுவிடும். இப்படிப்பட்ட ஒரு பொறியை உருவாக்க முடியுமா என்று உலகத்தில் சில நூறு பேர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு மாத்தளையில் ஒரே தமிழ்ப் பாடசாலையில் கற்பித்த இருவரும் சேர்ந்திருந்தார்கள். நடராஜா உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் கற்பித்தான். சந்திரகாந்தா பௌதிகவியல் கற்பித்தாள்.

சந்திரகாந்தா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். செய்தி காதில் விழுந்ததும் எழுந்து வந்து, “வாழ்த்துகள்,” என்றாள். மேடையில் சொல்லும் சொல்லைக் கணவனிடம் சொன்னது அவளுக்கே புதுமையாயிருந்தது. மீண்டும் போய் உட்கார்ந்து, சிரட்டையின் கறுப்பும் பூவோடு சேர்ந்து விழும்வரை துருவினாள்.

அவளுக்குப் பொறாமையாயிருந்தது. வேறு பெயர் சொல்லி அதை மறைக்க நான் விரும்பவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவள் பெற்றது முதலாம் வகுப்புச் சித்தி. அவன் பெற்றது இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு. இரண்டாண்டு காலம் இருவரும் ஒரே புத்தகத்தின் நிழற்பிரதியைத்தான் படித்தார்கள். இரவுச் சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்தபின் அந்த மேசைக்கு அவன்தான் முதலில் வந்து அமர்வான். புத்தகம் அவன் பக்கம் திரும்பியிருக்கும். தட்டுகளைக் கழுவிவிட்டு வந்து எதிரே அமர்ந்த அவள், கணிதச் சமன்பாடுகளைத் தலைகீழாக வாசிக்கப் பழகிக்கொண்டாள். தலைகீழாக வாசித்தே அவனுக்கு முன்னால் விடை சொன்னாள். அப்போதெல்லாம் அவன் அந்த விடையில் பிழை தேடி அரைமணி நேரம் செலவழிப்பான்.

விண்ணப்பத்தோடு ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. அவன் இரகசியக் குறியீடுகளை உடைக்கும் வழியைப் பற்றி எழுதினான். அவள், எட்டிப் பார்க்காமலே கணினியின் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்துவது எப்படி என்று எழுதினாள். அதை வாசித்துவிட்டு அவன் சொன்னதை அவள் மறக்கவில்லை.

“ஊருல கொப்பி திருத்தினது போதாதுன்னு, அங்கயும் போய்ப் பிழ திருத்தப் போறியா?”

அவனுடைய கட்டுரையில் ஐந்தாம் பக்கத்துக் கணக்கு அவள் செய்து கொடுத்தது. அந்தக் கணக்குத்தான் அவனுக்கு இடம் வாங்கிக் கொடுத்திருக்கும் என்று சிரட்டையைத் துருவத் துருவ அவளுக்குத் தோன்றியது. அந்தக் கடிதம் திறக்காமலே போனால் நன்றாயிருக்கும் என்றும் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் அந்த எண்ணத்தை விடவில்லை.

நடராஜா வெளுத்த சட்டை அணிந்து வந்து தேநீர் கேட்டான். வாசலில் நின்றபடியே திட்டங்களைச் சொல்லத் தொடங்கினான். புரட்டாதியில் பயணம். ஓராண்டுப் படிப்பு, முடிந்தால் அதன்பின் ஆராய்ச்சி. பாடசாலையில் சம்பளமில்லா விடுமுறை கேட்க வேண்டும்.

“நான் போறேன். காந்தா அம்மாவோட இருப்பா,” என்றான் தாயிடம். “எனக்குக் கெடச்ச எடம், விட முடியுமா?”

கிருஷ்ணம்மா மருமகளின் முகத்தைப் பார்த்தாள்.

“ஏம் புள்ள மொகத்த இப்பிடி வச்சிருக்க? புருசன் படிச்சா ஒனக்கும் பெருமதானே.”

“பெருமதாங்க அத்த,” என்றாள் சந்திரகாந்தா.

*

இத்ரூஸின் கடையில் இரண்டு கணினிகள் இருந்தன. சுவரைப் பார்த்திருந்த கணினிக்கு முன்னால் நடராஜாவை இருத்தி, கதிரைக்குப் பின்னால் இத்ரூஸ் நின்றார். விண்ணப்பங்களுக்கென்றே இருவருக்கும் பொதுவாக ஒரு மின்னஞ்சல் முகவரியைத் திறந்து கொடுத்தவர் அவர்தான். கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. காலைதோறும் கடை திறந்ததும் ஒருமுறை பார்ப்பார்.

பதினொரு மணிக்குக் கடிதம் திறந்தது.

முதல் வரியில் விண்ணப்பதாரியின் பெயர் இரண்டு கூறாக இருந்தது. குடும்பப் பெயர்: நடராஜா. சொந்தப் பெயர்: சந்திரகாந்தா.

அவன் மூன்றுமுறை வாசித்தான். பிறகுதான் நவம்பர் மாதத்து அந்தப் பிற்பகல் நினைவுக்கு வந்தது. இதே கதிரையில் அமர்ந்து இரண்டு படிவங்களையும் நிரப்பியவன் அவனே. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. நம்மவருக்குத் தந்தையின் பெயர் உண்டு, தன் பெயர் உண்டு. குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? இல்லாத ஒன்றைக் கேட்டு, எழுதாவிட்டால் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாத படிவங்களை ஆக்கியவர்கள் இதைப் பற்றிச் சிந்தித்ததாகவே தெரியவில்லை. தன் படிவத்தில் அவன் தந்தையின் பெயராகிய இருளாண்டியை எழுதினான். சந்திரகாந்தாவும் அவ்வாறே தன் தந்தையின் பெயரை எழுதச் சொன்னாள். அவன்தான் மறுத்தான்.

“முத்துவீரன் மகளாப் போறியா, நடராஜா பொண்டாட்டியாப் போறியா?” என்று கேட்டு, தன் பெயரை அந்தக் கட்டத்தில் தானே தட்டினான்.

முப்பத்துநான்கு ஆண்டுகளாகத் தன் காதில் விழுந்துவந்த பெயர் காலையில் தொலைபேசியில் விழுந்தபோது, அது வேறொருவருக்கு உரியதாக இருக்கலாம் என்று அவனுக்கு எப்படித் தோன்றும்?

“அப்ப எனக்கு ஒன்னும் வரல்லியா?” என்று இத்ரூஸிடம் கேட்டான். குரல் அடங்கியிருந்தது.

இத்ரூஸ் குனிந்து, பழைய அஞ்சல்களை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளினார். பத்து நாளைக்கு முன் வந்த ஒன்று திறக்கப்படாமலே கிடந்தது.

“இது யாரோ இருளாண்டிக்கு வந்தது சேர். நம்மட ஆள் இல்லன்னு விட்டுட்டேன்.”

“அது என் அப்பா பேரு.”

அதையும் திறந்தார்கள். இரண்டே வரிகள். இவ்வாண்டு விண்ணப்பங்கள் மிகுதியாக வந்தமையால் இருளாண்டிக்கு இடமளிக்க இயலவில்லை என்று அவை வருத்தம் தெரிவித்தன.

 தேநீர் சொல்லவா என்று இத்ரூஸ் கேட்டார்; பிறகு, நிழற்பிரதி எடுக்க வந்த ஒருவரைக் கவனிக்க முன்பக்கம் போனார்.

நடராஜா தனியே இருந்தான். மனைவியின் கடிதத்தை மேலும் வாசித்தான். கற்கைக் கட்டணம் முழுவதும் விலக்கு. தங்குமிடம் உண்டு. அதற்குக் கீழே ஒரு பேராசிரியர் தம் கைப்பட ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார்: பிழைதிருத்தம் பற்றிய கட்டுரையைத் தம் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியதாகவும், அதை எழுதியவரைக் காண ஆவலாயிருப்பதாகவும்.

அந்த வாக்கியம் இல்லாதிருந்தால் அவன் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பான் என்றே நான் நினைக்கிறேன். இடம் அவளுக்குக் கிடைத்ததைக்கூட அவன் ஒருவாறு தாங்கியிருப்பான். எவரோ ஒருவர், கடல் கடந்த ஊரில், அவன் மனைவி எழுதியதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார் என்பதைத் தாங்க முடியவில்லை. அந்தக் கட்டுரையைத்தான் அவன் கொப்பி திருத்துதல் என்று எள்ளினான்.

‘பதில்’ என்ற இடத்தை அழுத்தி ஆங்கிலத்தில் தட்டினான். குடும்பப் பொறுப்புகள் காரணமாக இவ்விடத்தை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறேன். கீழே ‘நடராஜா’ என்று கையொப்பமிட்டான். அது அவன் பெயரே. அதனால் அது பொய்க் கையொப்பம் அன்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அனுப்பினான்.

*

நண்பகலில் வீடு திரும்பியபோது கிருஷ்ணம்மா கேசரி கிண்டி, சுந்தரம்மா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்பியிருந்தாள். நடராஜா சட்டையைக் கழற்றாமலே கதிரையில் அமர்ந்தான்.

“இது நமக்குச் சரிவராதும்மா. நாம ரெண்டு பேரும் இதெல்லாம் மறந்துருவோம். நம்ம பாடசால, நம்ம வீடு, அது போதும்.”

கிருஷ்ணம்மா அகப்பையோடு நின்றாள். காலையில் ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்றே என்று அவளுக்குக் கவலை. செலவு அதிகமா என்று கேட்டாள்; குளிர் அதிகமா என்று கேட்டாள். அவன் இரண்டுக்கும் ஆம் என்றான்.

சந்திரகாந்தா சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். 

காலையில் அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் ‘நான்’. நான் போறேன், எனக்குக் கெடச்ச எடம். அவள் அந்த ‘நான்’ என்ற சொல்லின்மேல்தான் அரைநாளாகப் பொறாமைப்பட்டிருந்தாள். இப்போது அவன் வாயில் ‘நாம்’ வந்துவிட்டது. வெற்றியைத் தனியே வைத்திருந்தவன் மறுப்பில் மட்டும் அவளைச் சேர்த்துக்கொள்வானேன்? அவனுடைய இடத்தை அவன் வேண்டாமென்றால் ‘எனக்கு வேணாம்’ என்றல்லவா சொல்ல வேண்டும்?

“கடிதம் தொறந்துச்சா?” என்று கேட்டாள்.

“தொறந்துச்சு.”

“எங்க?”

“அங்கயே விட்டுட்டேன். இனி எதுக்கு?”

 சாப்பாடு முடிந்ததும் அவள், தேங்காயெண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பாலத்தருகே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். இம்மாதத் தொடக்கத்தில் ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்ததிலிருந்து சோதனை கடுமையாகியிருந்தது. பைகளைத் திறந்து காட்டி வரிசையாக நடக்க வேண்டும். அவளுடைய அடையாள அட்டையை வாங்கிய இராணுவ வீரன் சிங்களத்தில் எழுதியிருந்த பெயரை உரக்க வாசித்தான்: முத்துவீரன் சந்திரகாந்தா. ஆம் என்று தலையசைத்தாள். எங்கே போகிறாள் என்று கேட்டான். கடைக்கு என்று சிங்களத்தில் சொன்னாள்.

அட்டையைக் கைப்பையில் வைக்கும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழில் அவள் முத்துவீரன் சந்திரகாந்தா. பட்டச் சான்றிதழிலும் அவ்வாறே. திருமணத்துக்குப் பின்னும் எந்தத் தாளிலும் அவள் பெயர் மாறவில்லை, ஒன்றைத் தவிர. அந்த விண்ணப்பப் படிவத்தில்தான் அவள் நடராஜா.

மற்றவர்கள் பஸ்ஸில் ஏறினார்கள். அவள் ஏறவில்லை. மீதித் தூரத்தை நடந்தே கடந்தாள்; நடக்கும் வேகத்தில் சேலை விளிம்பு சேறானது அவளுக்குத் தெரியவில்லை.

*

“சேர் ஒன்னும் சொல்லல்லையா?” என்று இத்ரூஸ் வியந்தார். “டீச்சர்ட பேர்லதானே வந்தீக்கி. சேர் பதிலும் அனுப்பிட்டாரே.”

அவள் கடிதத்தை வாசித்தாள். பேராசிரியரின் வாக்கியத்தை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். இருளாண்டிக்கு வந்த இரண்டு வரிகளையும் இத்ரூஸ் தயக்கத்தோடு காட்டினார். கடைசியாக, அனுப்பியவை என்ற பகுதியைத் திறந்து, முற்பகல் பதினொன்றே காலுக்குச் சென்ற மடலைப் படித்தாள்.

முதலில் அவளுக்கு வந்தது கோபமன்று. காலையில், தேங்காய் துருவியபடி, கடிதம் திறக்காமலே போகட்டும் என்று தான் விரும்பியது நினைவுக்கு வந்தது. அவளும் அவனும் ஒரே நோயைத்தான் ஒரே வீட்டில் வைத்திருந்தார்கள். ஆனால் அவள் விரும்பியதோடு நின்றாள். அவன் தட்டி அனுப்பிவிட்டான். அந்த வேறுபாட்டை எண்ணியபோதுதான் கோபம் வந்தது. வந்தபின் அது போகவில்லை.

“அங்க இப்ப எத்தன மணி இருக்கும்?”

“இங்க மூனு. அங்க காலைல ஒன்பதரை,” என்றார் இத்ரூஸ். “இப்பதான் ஆபீஸ் தொறந்திருப்பாங்க டீச்சர்.”

அவள் எழுதத் தொடங்கினாள். ‘முந்திய மடலை என் கணவர் எழுதினார்’ என்று தட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாண்டு காலம் எதிரே அமர்ந்து படித்தவன் ஒரே வரியில் அந்த ஊராரின்முன் இப்படி நிற்கப் போகிறான். அவனுக்கு அது தகும் என்றே தோன்றியது. இருந்தும் அழித்தாள். ‘முந்திய மடல் என்னால் எழுதப்பட்டதன்று’ என்று மாற்றினாள். செயப்பாட்டு வினையில் எழுதினால் எழுதியவன் பெயரை எழுதாமல் விடலாம். அந்த ஓர் இரக்கத்துக்கு மட்டும் அவள் மனம் இடம் கொடுத்தது. ‘இடத்தை ஏற்கிறேன்’ என்று முடித்து, சந்திரகாந்தா என்று தன் பெயரை மட்டும் இட்டாள்.

நாற்பது நிமிடம் காத்திருந்தாள். இத்ரூஸ் கொடுத்த தேநீர் ஆறிப்போயிற்று.

வந்த பதில் சுருக்கமானது. ஒரே முகவரியிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான இரு மடல்கள் கிடைத்துள்ளன. விண்ணப்பத்தில் குறிப்பிடப்பட்ட தொலைபேசி இலக்கத்தில் நாளை பத்து மணிக்கு, இலங்கை நேரம் பிற்பகல் மூன்றரைக்கு, விண்ணப்பதாரியோடு நேரடியாகப் பேச விரும்புகிறோம். அதுவரை இடம் காக்கப்படும். பேச இயலாவிடின் அடுத்தவருக்கு வழங்கப்படும்.

“எந்த நம்பர் குடுத்தீங்க டீச்சர்?” என்று இத்ரூஸ் கேட்டார்.

அதுவும் நடராஜா தட்டியதுதான்.

தன் கடை இலக்கத்தைக் கொடுக்கலாமே என்றார் இத்ரூஸ். அவர் சொன்னபடி மறுபடி எழுதி அனுப்பினாள். உடனே தானியங்கியாக ஒரு பதில் வந்தது: விண்ணப்பம் முடிந்தபின் தொடர்பு விபரங்களை மாற்றப் பதினான்கு நாட்கள் ஆகும்.

*

ஐந்தரை மணிக்கு வீடு சேர்ந்தாள். எண்ணெய் வாங்க மறந்திருந்தாள். கிருஷ்ணம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நடராஜா மேசையில் நாளைய வகுப்புக்கான வினாத்தாள் எழுதிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது; பேனாவை மூடினான்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“என்னயப் பத்தி?”

“ஒங்களப் பத்தி ஒன்னும் எழுதல்ல.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அவனுக்கு எரிச்சல்தான் வந்தது. தன்னைக் காட்டிக்கொடுத்திருந்தால்கூடச் சண்டை போடலாம். இதற்கு என்ன சொல்வது?

“ஒன்ட கட்டுரைய வாசிச்சாங்களாம்,” என்றான். “எனக்கு முதல்லயே தெரியும் அது நல்லாயிருக்குன்னு. வாசிச்ச அன்னிக்கே தெரியும். அதான் அப்பிடிச் சொன்னேன்.”

நான்கு ஆண்டுத் திருமண வாழ்வில் அவன் அவளிடம் சொன்ன மிகப் பெரிய உண்மை அது. அவள் எதிரேயிருந்த கதிரையில் அமர்ந்தாள். 

“நாளைக்கு மூனரைக்கு அங்க இருந்து போன் எடுப்பாங்க,” என்றாள். “நான் பேசலன்னா எடம் போயிரும். நம்பர் ஒங்களது.”

“மூனரைக்கு எனக்கு மாத்தளையில டியூஷன் வகுப்பு. போன் எங்கிட்டத்தான் இருக்கும். பிள்ளைங்கட அம்மா அப்பாவும் அந்த நேரத்துல கோல் எடுப்பாங்க.”

“தெரியும். நானும் வாறேன். பின் வாங்குல குந்திக்கிறேன்.”

“நாப்பது பிள்ளைங்களுக்கு முன்னாலயா? பிள்ளைங்க என்ன நெனைக்கும்?”

“டீச்சர் படிக்க வந்திருக்காங்கன்னு நெனைக்கும்.”

 நடராஜா மேசைமேலிருந்த கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். வழக்கத்துக்கு மாறாக, பையின் பொத்தானையும் பூட்டினான்.